ஜாய்ஸுக்கும் சேர்த்துக் கட்டியவள்

நிதின் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தி நாலு நாள் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்த முப்பத்தி நாலு நாளும் ரெபேக்காள் வார்டு வாசலிலேயே கிடந்தாள். நாலு வயதான மூத்தவள் சிநேகாவைப் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் பார்த்துக்கொண்டாள். தன் மகள் ஸ்வாதிக்குத் தலை வாரிய கையோடு சிநேகாவுக்கும் வாரிவிட்டு, ஒரே தட்டில் சோறு பிசைந்து இரண்டு பேருக்கும் ஊட்டினாள்.

ரெபேக்காளின் புருஷன் ஜான்சன் அப்போது ஒரு பழைய குட்டியானை வைத்து லோடு அடித்துக்கொண்டிருந்தான். வண்டி ஃபைனான்ஸில் எடுத்தது. திருக்கழுக்குன்றத்துச் சந்தைக் காய்கறியோ, செங்கல்லோ, கல்யாண வீட்டுப் பாத்திரமோ, எது கிடைத்தாலும் ஏற்றுவான். பிள்ளை பெட்டிக்குள் கிடந்தபோது அவனுக்கு வண்டியைத் தொடவே மனசு வரவில்லை. அதில் விழுந்த துண்டு அடுத்தடுத்த மாதங்களையும் தின்றது. மூன்று டியூ நின்றுபோனது.

வழி சொன்னவள் ஜாய்ஸ்தான். அவள் அணுபுரம் குவாட்டர்ஸில் மூன்று வீட்டுக்கு வேலை செய்தாள். புருஷன் கடனை அவள் தலையில் வைத்துவிட்டு எங்கோ போய் இரண்டு வருஷமாகியிருந்தது.

"குழுவுல சேந்துக்கோ. ஆளுக்கு அம்பதாயிரம் தராங்கோ. வாரம் ஆயிரத்து நூத்தி அம்பது, அம்பத்திரண்டு வாரம். நானும் எடுக்கறேன். எனக்கு நீ ஜாமீன் போடு, ஒனக்கு நான் போடறேன்," என்றாள்.

ரெபேக்காள் போட்டாள்.

பணம் கைக்கு வருவதற்கு முதல் நாள் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிவிட்டார்கள். மீட்கப் போன ஜான்சனிடம் அபராதம், யார்டு வாடகை என்று நாற்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் பாக்கி இருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் கழித்து வண்டியை ஏலம் விட்டார்கள். விட்ட பிறகும் முப்பத்தெட்டாயிரம் கட்ட வேண்டும் என்று தபால் வந்தது. வண்டியே இல்லாத வண்டிக்கு மாதம் இரண்டாயிரம் கட்டுவதாக ஜான்சன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அதன்பின் அவன் ஒரு பால் வேனுக்கு டிரைவராகப் போனான். விடியுமுன் கிளம்பினால் காலை ஒன்பதுக்குத் திரும்புவான். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த வேலையைப் பிடித்தான். ரெபேக்காள் மாமல்லபுரம் போகிற வழியில் கடலோர ரிசார்ட் ஒன்றில் சலவைப் பகுதியில் சேர்ந்தாள். சம்பளம் பதினோராயிரம். எட்டு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். இடைப்பட்ட ஒரு மணி நேரத்துக்கு ஜாய்ஸ் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, குழுத் தலைவி பூங்கொடியின் வீட்டு முன்னறையில் வசூல். கடன் கம்பெனியிலிருந்து வசூலுக்கு வருகிற அபிஷேக் கருங்குழிப் பையன், டிகிரி முடித்தவன், வயது இருபத்தி நாலு இருக்கும். எட்டுப் பேரும் கட்டி முடிக்கும்வரை ஒருத்தியும் எழுந்து போகக்கூடாது என்பது குழுவின் சட்டம். இருபத்தோரு செவ்வாய் ஒழுங்காகப் போயிற்று. இருபத்திரண்டாவது செவ்வாய் ஜாய்ஸ் வரவில்லை. ஆள் விட்டுப் பார்த்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் பாத்திரம் இல்லை, பாயும் இல்லை.

"அக்கா, நான் வெறுங்கையோட போனா என் சம்பளத்துல புடிச்சிருவாங்க. யாராவது கட்டுங்க," என்றான் அபிஷேக். அவன் கத்தவில்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தான்.

மணி ஒன்பதானது. ரெபேக்காளுக்கு ரிசார்ட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மற்ற பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஜாமீன் போட்டது யாரு?" என்றாள் பூங்கொடி. "ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னீங்களே, ஒனக்குத் தெரியாமயா போயிருப்பா?"

"கர்த்தர் சத்தியமா தெரியாது, பூங்கொடிக்கா."

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார்கள். மற்ற ஆறு பேரும் ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய் போடுவார்கள். மிச்சம் வாரம் எழுநூறு ரெபேக்காள் தலையில். முப்பத்தொரு வாரம்.

அன்றிலிருந்து அவள் சம்பளத்தில் அவளுக்கென்று எதுவும் இல்லாமல் போனது. குழுவுக்கு எட்டாயிரம், வண்டிப் பாக்கிக்கு இரண்டாயிரம், மிச்ச ஆயிரம் ஷேர் ஆட்டோவுக்கும் நிதினின் பால் பவுடருக்கும். ஜான்சன் கொண்டுவந்ததில் அடுப்பு எரிந்தது. சிநேகாவை ஆட்டோவில் அனுப்பிக்கொண்டிருந்த இங்கிலீஷ் மீடியத்திலிருந்து நிறுத்தி, தெருக்கோடி அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். பாக்கெட் பால் நின்றது, பால் விடாத வரட்டீதான். காதிலிருந்த பொட்டுக் கம்மல் போய் வேப்பங்குச்சி வந்தது. சலவைப் பகுதியில் அவள் நாளைக்கு இருநூறு துண்டு மடித்தாள். பூப்போல மெத்தென்ற வெள்ளைத் துண்டுகள். குழந்தைகளுக்கென்று தனியாகச் சின்னத் துண்டுகளும் உண்டு. அவற்றை மடிக்கும்போதெல்லாம் அவளுக்கு ஜாய்ஸ் மேல் எரிந்துகொண்டு வரும்.

எட்டிலிருந்து ஒன்பதுவரை இருந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு இப்போது யாரும் இல்லை. ஐந்து வயது சிநேகாதான் இருந்தாள். நிதினைத் தூளியில் போட்டு, கதவை வெளிப்பக்கம் பூட்டி, சாவியை ஜான்சனுக்காக ஜன்னல் மேட்டில் வைத்துவிட்டுப் போவாள் ரெபேக்காள். ஒருநாள் அவன் அழுகிறானென்று சிநேகா ஒரு பிஸ்கெட்டை முழுசாக வாயில் திணித்துவிட்டாள். அது தொண்டையில் மாட்டி, அவன் கண் செருகி, இவள் முதுகில் குத்தியதில் வெளியே வந்து விழுந்தது. இதை ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். அதுவும் குளிப்பாட்டும்போது, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். ரெபேக்காள் சோப்பு நுரையோடு அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். மறுநாள் எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாதம் ஒருமுறை நிதினைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். போனால் ஒருநாள் சம்பளம் போகும். முதலில் ஒரு மாதம் தவறியது, பிறகு தவறுவதே வழக்கமானது. ஜான்சன் செவ்வாய்க்கிழமை என்றால் வேன் நிற்கும் ஷெட்டிலேயே படுத்துவிட்டு மத்தியானம் வந்தான். வசூல் நாளில் தெருவில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் சிநேகா பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டாவது வாரம் அவளுடையதும் ஜாய்ஸுடையதுமாக இரண்டு தவணை அட்டைகளும் முடிந்தன. அபிஷேக் அவற்றில் கோடு போட்டுவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, ஒங்க ரெக்கார்டு சூப்பரா கீது. ஒரு வாரம்கூட லேட் இல்ல. அடுத்து எம்பதாயிரம் கெடைக்கும், எழுதட்டுமா?"

"வேணாம்பா," என்று எழுந்து வந்தாள். கடன் தீர்ந்த அன்றைக்கு ஏதோ தோன்றும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

இரண்டு மாதம் கழித்து, ஜாய்ஸைக் கூடுவாஞ்சேரியில் பார்த்ததாகத் தெருவில் ஒருத்தி சொன்னாள். லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் சமைக்கிறாளாம். வார லீவு நாளில் ரெபேக்காள் நிதினை இடுப்பில் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் ரயில் ஏறினாள். இருபது மாதம் ஆகியும் அவன் நடக்கத் தொடங்கவில்லை. ஹாஸ்டல் மூன்று மாடிக் கட்டடம். பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கதவைத் தட்டியதும் ஸ்வாதி பாதி திறந்தாள்.

"அம்மா இல்ல. வெளியூரு போயிருக்கு," என்று மனப்பாடமாகச் சொன்னாள். பிறகு ஆளை அடையாளம் தெரிந்து, "அத்த, சிநேகா வரலயா?" என்றாள்.

உள்ளேயிருந்து ஜாய்ஸ் வந்தாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். ஓடவில்லை, மறைக்கவில்லை.

"வா. எப்பனா வருவேன்னு தெரியும்."

"இருபத்தோராயிரத்து எழுநூறு," என்றாள் ரெபேக்காள். "ஒனக்காக நான் கட்டுனது."

"நீ கட்டுவேன்னும் தெரியும். பூங்கொடி கட்டமாட்டா, மத்தவளுங்களும் கட்டமாட்டாளுங்க. நீ எப்படியாவது கட்டிருவ. அந்தத் தைரியத்துலதான் வூட்டப் பூட்டினேன்."

ரயிலில் வரும்போது எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தாள் ரெபேக்காள். இந்தப் பதிலுக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். அழுதிருந்தால்கூடத் திட்டியிருப்பாள். அந்த முப்பத்தி நாலு நாளைப் பற்றி ஜாய்ஸ் பேச்செடுப்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். ஜாய்ஸ் கடைசிவரை அதை எடுக்கவே இல்லை.

"எனக்கு டப்பு வேணும். குடுக்கறவரைக்கும் இங்கயேதான் ஒக்காந்துகினு இருப்பேன்," என்று வாசற்படியில் உட்கார்ந்தாள்.

ஜாய்ஸ் அறுபது பேருக்குச் சாம்பார் இறக்க வேண்டியிருந்தது. சமையல்கட்டுக்கும் அறைக்குமாக நடந்தாள். நடுவில் வந்து, கேட்காமலே நிதினை வாங்கி, குழைந்த சோற்றில் ரசம் ஊற்றி ஊட்டினாள். அவனும் வாங்கிக்கொண்டான். ஒரு மணி நேரம் போனது. ஹாஸ்டல் நடத்துகிற அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, "யாரு ஜாய்ஸ் இது?" என்றார்.

"சொந்தக்காரங்க, மேடம்."

"சொந்தமில்ல மேடம்," என்றாள் ரெபேக்காள். "கடன வெச்சுட்டு ஓடியாந்தா. கேக்க வந்துகீறேன்."

எங்கே சொன்னால் வலிக்கும் என்று தெரிந்தே சொன்னாள். அந்த அம்மா ஜாய்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஜாய்ஸ் உள்ளே போய் ஸ்வாதியின் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் கட்ட வைத்திருந்த நாலாயிரம். "இதான் கீது. மீதிய மாசம் ஆயிரமா போன்ல போட்டுவுடறேன்," என்றாள். ஸ்வாதி கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெபேக்காள் அந்தப் பிள்ளை எதிரிலேயே நோட்டை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜான்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"புள்ளைக்கு ஃபீஸ் கட்ட வெச்ச காசா?"

"ஆமா."

"வாங்காம வந்துருக்கலாம்."

"செவ்வாக்கெழமைன்னா ஷெட்டுல போயி படுத்துக்கினவன் நீ. வாங்கினதப் பத்தி நீ பேசாத," என்றாள்.

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

அந்தப் பணத்தில் நிதினைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போனாள். காலைப் பிடித்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், "நடப்பான், லேட்டாகும். இவ்வளவு நாள் ஏம்மா கூட்டிட்டு வரல?" என்றார். அவர் எழுதிக் கொடுத்த பட்டைவைத்த பூட்ஸ் இரண்டாயிரத்து எண்ணூறு ஆனது. வாங்கினாள். தினமும் இரண்டு வேளை பிடித்து நடத்த வேண்டும் என்றார்கள். அந்த வேலையையும் சிநேகாதான் செய்தாள்.

மூன்று மாதம், ஒன்றாம் தேதி தவறாமல் போனில் ஆயிரம் ரூபாய் வந்தது. ஒரு வார்த்தை எழுதியிருக்காது, பணம் மட்டும் வரும். நாலாவது மாதம் வரவில்லை. பத்தாம் தேதிவரை பார்த்தாள். கூப்பிட்டால் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. மறுபடியும் ஓடிவிட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பினாள்.

தகரக் கூரை அறையில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"அந்தச் சமையல்கார அம்மாவா? போன மாசமே நிறுத்திட்டாங்களே."

"ஏன்?"

"யாரோ கடங்காரி வந்து இங்க ஒக்காந்துகினு கலாட்டா பண்ணாளாம். அப்பத்துல இருந்தே மேடத்துக்கு அந்தம்மா மேல நம்பிக்க இல்ல. மளிகைல ஏதோ கொறஞ்சுதுன்னு ஒருநா பேச்சு வந்துது. அவ்ளோதான், அனுப்பிட்டாங்க. எடுத்தாளோ இல்லியோ, யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணுதான் பாவம், பள்ளிக்கூடம் பாதில வுட்டுட்டுப் போச்சு. நீங்க யாரும்மா, சொந்தமா?"

ரெபேக்காள் ஆமாம் என்றாள்.

"எங்க போனாங்கன்னு சொல்லலியா?"

"காஞ்சிபுரம்னாங்களோ, திண்டிவனம்னாங்களோ. சரியா தெரில," என்றான் அவன்.

ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்கு வந்தாள். இரண்டு ரயில் வந்து போன பிறகுதான் மூன்றாவதில் ஏறினாள். வீட்டுக்கு வரும்போது சிநேகா நிதினின் இரண்டு கையையும் பிடித்துச் சுவரிலிருந்து சுவருக்கு நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஜான்சன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்வாதியப் பாத்தியாம்மா?" என்றாள் சிநேகா.

"இல்ல. வூடு மாத்திக்கினு போய்ட்டாங்க."

"எங்க?"

"தெரியல."

சிநேகா தம்பியை எதிர்ச் சுவருக்குத் திருப்பி நடக்க வைத்தாள். ரெபேக்காள் பையை ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களைந்தாள். நடந்ததை ஜான்சனிடம் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. வண்டிப் பாக்கி முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது.