ஈரம் ஊறும் வீடு

அந்த ஏரிக்கரை ஊரில் வீடுகளெல்லாம் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் கட்டப்பட்டன. பகலெல்லாம் தண்ணீரையே பார்த்து மீன் பிடித்தவர்களுக்கு, வீட்டுக்கு வந்தும் அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. வாசல் சாலைப் பக்கம். பாத்திரம் கழுவுவதும் குப்பை கொட்டுவதும் ஏரிப் பக்கம்.

ஒரு வீட்டில் பாகம் பிரித்தபோது தாய், மூத்த மகனையே முதலில் கேட்கச் சொன்னாள். வலை பின்னும் அவன் மனைவி அவன் தொடையைக் கிள்ளினாள். அவனும் சாலையோர வீட்டைக் கேட்டு வாங்கினான். அதற்குப் பின்னால், கரையில், சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கிடந்த வீடு தம்பிக்குப் போயிற்று. அன்று ஓரகத்தியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொன்னபோது வலைக்காரிக்கு வாயெல்லாம் இனித்தது.

பிறகு வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சாலையில் இறங்கியவர்கள் அவள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கரைக்கு நடந்தார்கள். ஓரகத்தி பின்சுவரை இடித்துப் பெரிய ஜன்னல் வைத்தாள். அறையை வாடகைக்கு விட்டாள். குப்பை கொட்டிய இடத்தில் நாற்காலி போட்டாள்.

வலைக்காரிக்கு வயிறு எரிந்தது. நல்லவேளை, கரையில் வலை உலர்த்தும் கம்பங்கள் அவள் கணவன் பங்கு. அவை அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றன. காய்ந்த வலைகளையும் தண்ணீரில் முக்கி எடுத்து, ஏரி துளியும் தெரியாதபடி தொங்கவிட்டாள்.

"ஏண்டி, இது நேத்தே காஞ்சிடுச்சே?" என்றான் கணவன்.

"நாத்தம் போகல."

"நாத்தம் வலையிலேர்ந்தா வருது?"

அவள் முறைத்த முறைப்பில் அவன் துடுப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

வாரக் கடைசியில் ஓரகத்தி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று வலைக்காரி வாசலை அடைத்து நின்றாள். நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள்.

"அக்கா, நீங்க நல்லாருக்கணும்! வெயில் உங்க வலை வழியா வந்து அறை பூராவும் கட்டம் கட்டமா விழுதாம். அத வச்சே போட்டோ எடுத்துத் தள்றாங்க. இன்னும் ரெண்டு நாள் தங்கறோம்னு சொல்லிட்டாங்க. கழட்டிடாதீங்கக்கா!"

சாயங்காலம் கம்பங்கள் மொட்டையாக நின்றன. வலையெல்லாம் வலைக்காரியின் கூடத்தில் சுவருக்குச் சுவர் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க என்னத்தடி பிடிக்கப்போற?" என்றான் கணவன், நிலைப்படியில் நின்றபடி.

"குனிஞ்சு வாங்க."

ஏரிப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அவள் வீட்டில் ஜன்னல் இல்லை. ஈரம் ஊறத் தொடங்கியிருந்த சுவரில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள்.