நிலவியல் துறையின் நிலா

எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி போய் வெகுகாலம் ஆகிறது. மழைச் சாரல் உள்ளே வராமலிருக்க ஒரு பழைய தகரப் பலகையை அங்கே ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அடித்தவர் எழுத்தைப் பார்த்து அடிக்கவில்லை. பலகை தலைகீழாக இருக்கிறது. வெளிர்பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து, 'நிலவியல் துறை'. அதன் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் அழுத்தமான பச்சையில், பிறை வடிவத்தில் ஒரு திட்டு இருக்கிறது. பிள்ளைகள் அதை ஈரம் ஊறின கறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. இன்று காலை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பு எடுக்கப் போகுமுன் அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி ஒரு பக்கம். சொன்னதையே இன்னொரு வருஷமும் சொல்லித் தொலைக்க வேண்டுமே என்ற அலுப்பு ஒரு பக்கம்.

அந்தப் பலகையை எழுத வைத்தவர் அப்போதைய எங்கள் துறைத்தலைவர். தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரிக்கரை மண் போகாத செருப்போடுதான் கல்லூரிக்கு வருவார். பெரிய காஞ்சிபுரத்தில் ஜவுளிக் கடைகளுக்கு போர்டு எழுதும் பெயின்டர் ஒருவரிடம் துண்டுச் சீட்டில் துறையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நிலம் என்ற சொல்லிலிருந்து வந்த நிலவியல் அது. பெயின்டரோ நிலவைப் பற்றிய இயல் என்று புரிந்துகொண்டார். கேட்காமலே, காசும் வாங்காமல், மூலையில் மஞ்சளாக ஒரு பிறையை வரைந்து கொடுத்துவிட்டார். நான் அதைப் பார்த்துவிட்டு, கல்லையும் மண்ணையும் படிக்கிற இடத்தில் இது என்ன கூத்து, அழிக்கச் சொல்லுங்கள் சார் என்றேன். ஆசையாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அழி என்று எந்த வாயால் சொல்வது என்று சிரித்துக்கொண்டே மாட்டச் சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்த நிலா எங்கள் வாசலுக்கு வந்தது.

அவருடைய முதல் வகுப்பு கல்லூரி முழுக்கப் பிரசித்தம். மற்ற துறைகளில் புதுப் பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்து, நீங்கள்தான் நாளைய விஞ்ஞானிகள் என்று குளிரக் குளிரப் பேசுவார்கள். இவர் கரும்பலகையில் சாய்ந்து நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். "இங்க உக்காந்திருக்கிற யாரும் இந்தப் படிப்பக் கேட்டு வாங்கிக்கினு வரல. கேட்டது ஒண்ணு, கெடச்சது இது. நானும் அப்பிடித்தான் வந்தேன். அதனால யாரும் கூச்சப்படாதீங்க" என்பார். பிறகு பாலாற்றுக்கு வந்துவிடுவார். தினமும் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வருகிறீர்களே, ஆறு இருக்கிறது, தண்ணீர் எங்கே போயிற்று என்று என்றைக்காவது கேட்டீர்களா என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற படிப்புதான் இது. மணல் எங்கிருந்து வந்தது, அதற்கடியில் என்ன பாறை, அந்தப் பாறைக்கு என்ன வயது என்று தோண்டிக்கொண்டே போகும். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைய வேண்டும். கருத்துப் போவீர்கள், வீட்டில் திட்டுவார்கள், இப்போதே சொல்லிவிட்டேன் என்று முடிப்பார். அவர் பேசப் பேச நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மறுநாளே சில பிள்ளைகள் வேறு துறைக்கு மாற்றல் கேட்டுப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்கள் மட்டும் எப்படியோ படித்துக் கரையேறுவார்கள்.

எனக்கு ஏன் நெருப்பு என்றால், நான் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். வகுப்பு இருந்தால் வேலை, இல்லையென்றால் வீடு. வீட்டில் கணவர் ஒரு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். அந்த வருஷம் பார்த்துக் கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: சேர்க்கை முடிகிற நாளில் குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்களாம். எண்ணிப் பார்த்தோம். ஒருவர்கூட நகராமல் இருந்தால் தப்பிக்கலாம், அவ்வளவுதான். நான் துறைத்தலைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இந்த ஒரு வருஷம் மட்டும் இனிப்பாகப் பேசுங்கள் சார், வெயில் கியில் என்று ஆரம்பிக்காதீர்கள் என்றேன். சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் போனார். வாக்கையும் காப்பாற்றினார். வெயிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாலாற்றோடு நிறுத்திக்கொண்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார். அதைக் கேட்காமலே விட்டிருக்கலாம்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஓரிக்கைப் பக்கத்திலிருந்து வருபவள், இரட்டைப் பின்னல். "சார், நிலா எந்த செமஸ்டர்ல சார் வரும்?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய் மெதுவாக விசாரித்தார். இயற்பியலில் சேரத்தான் மதிப்பெண்ணோடு வந்திருக்கிறாள். விண்ணப்பம் வாங்க அப்பாவோடு வந்த அன்று எங்கள் வாசலில் பலகையைப் பார்த்திருக்கிறாள். நிலவியல் என்று எழுதி நிலாவும் போட்டிருக்கிறதே, இங்கே நிலாவைப் பற்றியே தனியாகப் படிக்கலாம் போலிருக்கிறது என்று, இயற்பியலை விட்டுவிட்டு இதை எழுதிக் கொடுத்திருக்கிறாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

நான் முந்திக்கொண்டேன். நிலாவும் பாறைதானே, அதுவும் நம் பாடத்தில் வரும், உட்கார் என்றேன். பொய் இல்லை அது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரே ஒரு பாடம்மா. அதுவும் மூணாவது வருஷம். அதுக்காகவா மூணு வருஷம் கல்லத் தூக்குவ?" என்று அவளிடம் கேட்டார். அவள் நோட்டை மூடிவிட்டாள். இயற்பியலில் இன்னும் இடம் இருக்கிறது, பையை எடுத்துக்கொள் என்றார். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய சான்றிதழ்ப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் போக, அந்தப் பெண் பின்னால் போக, இருவரும் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். என் வேலையும் அவர்களோடு போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அப்படியே ஆயிற்று. முதலாண்டு சேர்க்கையை ரத்து செய்து, உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஆளுக்கொரு துறையில் திணித்தார்கள். எனக்கு மறுபடி பணி ஆணை வரவில்லை. அந்த வாரமே அவர் எங்கிருந்தோ ஒரு டப்பா பச்சைப் பெயின்ட் கொண்டுவந்து, நாற்காலி போட்டு ஏறி, பலகையிலிருந்த நிலாவைத் தன் கையாலேயே பூசி மறைத்தார். நிறம் பொருந்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக்கூட நான் போகவில்லை. பெரிய தர்மப் பிரபு, ஒரு பெண்ணின் ஆசைக்கு என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார் என்று மனசுக்குள் வைதுகொண்டே போய்விட்டேன். அதற்கப்புறம் டியூஷன், தனியார் பள்ளி என்று நான் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். மெலிந்து போயிருந்தார். புடவைக் கடைத் தரகர்கள் வெளியூர்க்காரர்களை மொய்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில், அவரைப் பார்க்காத மாதிரி நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. கோபமாக இருக்கிறாயாம்மா என்று நேராகவே கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை சார் என்றேன். "நம்ப போர்டப் பாத்து ஏமாந்து வந்து எதிர்ல உக்காந்துக்கினு இருக்குது ஒரு பொண்ணு. அது மூஞ்சப் பாத்துக்கினு எப்பிடிம்மா பாடம் எடுக்கறது?" என்றார். எனக்கு பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்த செய்தியை வேறு யாரோ சொல்லித்தான் கேட்டேன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாது.

இப்போது படிப்புக்குப் புதுப் பெயர், புவி அறிவியல். சில வருஷங்களுக்கு முன் மறுபடி ஆரம்பித்தார்கள், என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்கள், அதே கௌரவத்தோடு. வாசலில் தகரப் பலகை இல்லை, ஃப்ளெக்ஸ் பேனர். ராக்கெட் ஒன்று தீயைக் கக்கிக்கொண்டு போகிறது, கோட்டு போட்ட பையன் ஒருவன் அதன் கீழே நின்று சிரிக்கிறான். எண்ணிக்கை இந்த வருஷமும் விளிம்பில்தான் நிற்கிறது. ஒருவரும் எழுந்து போகாமல் பேசிவிட்டு வாருங்கள் மேடம் என்று அலுவலகத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இனிப்பாகப் பேசத்தான் போனேன். பேசவும் பேசினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பையன், ராக்கெட் எந்த வருஷம் மேடம் என்று கேட்டான். எல்லாம் வரும்பா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"ராக்கெட் இல்லப்பா. கல்லு, மண்ணு, தண்ணிதான்" என்றேன்.

"அப்ப எதுக்கு மேடம் வாசல்ல போட்டிருக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. எதில் சேர ஆசை என்று கேட்டேன். மெக்கானிக்கல் என்றான். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாலிடெக்னிக்கில் இன்னும் இரண்டொரு நாள் சேர்க்கை இருக்கும். சான்றிதழ்களைத் திருப்பி வாங்கிக் கொடுத்தால் இன்றைக்கே போய்விடலாம். பையை எடுத்துக்கொள் என்றேன். சொன்ன பிறகுதான், அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது.

ஆய்வகத்தைத் தாண்டித்தான் அலுவலகத்துக்கு இறங்க வேண்டும். ஜன்னலில் தலைகீழாக அந்தப் பலகை. நிறம் பொருந்தாத பச்சை எப்படித்தான் மறைக்கும்? நிலா அப்படியேதான் தெரிகிறது. ஒவ்வொரு படியிலும் முழங்கால் சுரீர் சுரீர் என்றது. பையன் பின்னால் வந்துகொண்டிருந்தான். போங்கள் சார், நீங்கள் பாட்டுக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், என்னைத்தான் இப்படிக் கெடுத்து வைத்துவிட்டீர்கள்.