ஓடுற காரை ஏன் உடைக்கக் கொடுத்தேன்

இன்னைக்கு எங்க பழைய காரை உடைக்கக் கொடுத்துட்டு வந்தேன். ஓடுற வண்டிதான்.

போன மாசம் வேலப்பன்சாவடி சிக்னல்ல பிரேக்கை மிதிச்சேன், நிக்கல. பின்சீட்ல என் ரெண்டு பொண்ணுங்க. ஹேண்ட்பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன்.

மெக்கானிக் அடியில படுத்துப் பாத்துட்டு, "பிரேக்கை ஒப்பேத்திட்டேன்க்கா. ஆனா அடிப்பாகமே துருப்பிடிச்சுக் கிடக்கு"ன்னாரு.

பழைய வண்டியை அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல உடைச்சா, புது வண்டிக்கு ரோடு டாக்ஸ்ல சலுகை உண்டு. அதை நம்பி இன்னைக்கு வானகரம் ஷோரூம்ல புது வண்டி புக் பண்ணேன். வெளிய வந்தா, உள்ள நான் பேசினதைக் கேட்ட ஒரு பழைய வண்டி புரோக்கர் பிடிச்சுக்கிட்டாரு.

"இன்னாக்கா, ஓடிக்கினு கீற வண்டியைப் போய் உடைப்பாங்களா? கவர்மென்ட் சலுகையை வுட நான் ஜாஸ்தி தரேன். வெளியூர் பார்ட்டி ரெடியா கீறாரு."

வீட்டுக்காரருக்கு போன் பண்ணேன். "பேசாம அவர்கிட்டயே குடுத்துட்டு வா"ன்னாரு.

நான் புரோக்கர்கிட்ட கேட்டேன்: "அந்தப் பார்ட்டிக்குப் பிள்ளைங்க இருக்காங்களாண்ணே?"

அவர் வண்டியையே பாத்துக்கிட்டு நின்னாரு.

மெதுவா ஓட்டிட்டுப் போய், உடைக்கிற இடத்துல சாவியைக் கொடுத்தேன். என் கண்ணெதிரே நம்பர் பிளேட்டைக் கழட்டினாங்க. அழுகை வந்துச்சு, ஆனா மனசு மாறல.

புது வண்டி பெட்ரோல் ரொம்பக் கம்மியாத்தான் குடிக்குமாம். அது வர்ற வரைக்கும் ஆவடி பஸ்தான்.

வீட்டுக்காரர் இன்னும் என்கூடப் பேசல. வழிக்குக் கொண்டுவர ஐடியா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. பிரியாணி வேண்டாம், அதை ராத்திரி சாப்பாட்டுக்கே செஞ்சு பாத்துட்டேன். சாப்பிட்டுட்டு மறுபடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு.