காணாமல் போன பதினோரு கம்பிகள்

அவளைக் கம்பியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நீர்வளத்துறையில் வேலை. சதுப்பு நிலக் கரையில் மண் மட்டத்துக்கு அடித்து வைத்த அறுபத்திரண்டு இரும்புக் கம்பிகளை மாதம் ஒருமுறை போய் அளக்க வேண்டும். கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறதோ, அவ்வளவு மண் கரைந்துவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பது வருடங்களாக முழங்கால் சேற்றில் நின்று, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் எழுதி வந்தாள்.

முதல் பத்து வருடம் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. கோரை அடர்ந்து நின்றதால் கரை அசைந்து கொடுக்கவில்லை. பிறகு மேட்டில் நிலம் வைத்திருந்தவர்கள் கோரையை வழித்தெடுத்துவிட்டுத் தண்ணீர் விளிம்புவரை தக்காளி போட்டார்கள். அவளுடைய சொந்தத் தம்பியும் அவர்களில் ஒருவன். வெயில் காலமும் நீண்டுகொண்டே போனது. கரிய மண் பாளம் பாளமாக வெடித்தது. மூன்று மாதம் தூறித் தூறிப் பெய்த மழை இப்போது நான்கே நாளில் கொட்டித் தீர்த்தது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கினால் மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு வேர் கிடையாது.

அப்படி ஒரு மழையில், தம்பி நிலத்தை ஒட்டிப் பதினோரு கம்பிகள் நின்ற கரை, கம்பிகளோடு சேர்ந்து தண்ணீருக்குள் சரிந்துவிட்டது. படிவத்தில் அந்தப் பதினோரு இடத்திலும் 'கம்பி இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். கணினியில் எண்ணை மட்டும்தான் ஏற்ற முடியும் என்று குமாஸ்தா அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டார். மிச்சமிருந்த ஐம்பத்தொன்றுக்குத்தான் சராசரி போட்டார்கள். அதிகம் கரைந்த இடங்கள் கணக்கிலிருந்தே கழன்றுகொண்டதால், போன வருடத்தைவிட மண் அரிப்பு குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்தது.

படித்ததும் நேராகப் பொறியாளர் அறைக்குப் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இல்லாத கம்பிக்கு நான் என்ன அளவும்மா போட முடியும்?"

"கரையே போயிடுச்சு சார். நீங்க அத நல்ல சேதின்னு எழுதியிருக்கீங்க."

படிவத்தை மாற்றும் அதிகாரம் மேலிடத்துக்குத்தான் என்று கைவிரித்தார். சரி, தம்பியிடமாவது சொல்வோம், விளிம்பிலிருந்து பத்தடி விட்டுப் பயிர் வைக்கட்டும் என்று அவன் வயலுக்குப் போய்ச் சொன்னால், அவன் அந்த அறிக்கை வந்திருந்த செய்தித்தாளை நீட்டினான்.

"குறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கே அக்கா. நீ அளந்து கொடுத்த கணக்குதானே இது?"

அவள் அலுவலகத்துக்குத் திரும்பிப் பழைய அலமாரியைத் திறந்தாள்.

கம்பி அடித்த காலத்து வரைபடம் ஒன்று அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. சாலையோர எல்லைக்கற்களிலிருந்து ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள தூரம் அதில் குறித்திருந்தது. விடுப்பு எடுத்து, நீள நாடாவை இழுத்துக்கொண்டு, அதே கற்களிலிருந்து இப்போதைய விளிம்புவரை மூன்று நாள் அளந்தாள். சில இடங்களில் கரை ஆறு மீட்டர் உள்ளே வந்திருந்தது. பொறியாளர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

மழை அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கவில்லை. தம்பியின் இரண்டு பாத்திகளும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் ஒரே காலையில் சரிந்தன. சேற்றுக் காலோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஆபீஸ்ல இருக்குற நீயே முன்னாடி அழுத்திச் சொல்லலையே அக்கா."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினாள். எதிர்க்கரையில் மிச்சமிருந்த கோரையைக் கிழங்கோடு பெயர்த்து வந்து, இருவரும் விளிம்பு நெடுக நட்டார்கள். வேர் பிடித்து இறுக மூன்று வருடம் ஆகும் என்றாள்.

"மூணு வருஷமா? அதுவரைக்கும் மழை சும்மா இருக்குமா?"

"அத என்கிட்ட கேக்காதடா. அந்தக் கோரைக் கட்ட எடு."

நட்டதில் பாதி அந்தப் பருவத்திலேயே அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் நட்டார்கள். அக்கா முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்று தம்பி இன்றைக்கும் பார்ப்பவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொள்கிறான். அவள் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள்.