காலாவதி டெவலப்பரில் கழுவிய முகங்கள்

போட்டோ ஸ்டுடியோ தொழிலில் ஒரு நியாயம் உண்டு: படம் நன்றாக வந்தால் முகம் அழகு, வராவிட்டால் ஸ்டுடியோ மோசம். அடையாள அட்டையில் தன் முகத்தைப் பார்த்து நொந்துபோன அன்பர்களே, கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்ற நாங்களும் உங்களுக்குச் சமமாக நொந்தவர்கள்தான். 2006-ல் சிதம்பரத்தில் எங்கள் ஸ்டுடியோவில் கேமரா என் கணவர் கையில், ஃபிலிம் கழுவும் டார்க் ரூம் என் கையில். ஊரெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. கலர் ஃபிலிமைக் கடலூர் லேபுக்கு அனுப்பிவிட்டு, விண்ணப்பங்களில் ஒட்டும் கறுப்பு வெள்ளையை மட்டும் நாங்களே கழுவிக்கொண்டிருந்தோம்.

சீர் மாதிரி வந்த மூட்டை

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு ஸ்டுடியோவை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் கணவர் போனார். போனவர் ஒரு மூட்டை டெவலப்பர் பாக்கெட்டோடு, தாய்மாமன் சீர் கொண்டுவருகிற மிடுக்கில் வந்து இறங்கினார். ஃபிலிமில் பதிந்த உருவத்தை வெளியே கொண்டுவருகிற மருந்து அது. ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆனவை. இந்தக் காலாவதிச் சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"நாமளா குடிக்கப் போறோம்? ஃபிலிம்தானே குடிக்கப் போவுது."

காணாமல் போன மீசை

தண்ணீரில் கரைத்தால் தெளிவாக இருக்க வேண்டிய மருந்து, காப்பி டிக்காஷன் நிறத்தில் நின்றது. வழக்கமான ஆறு நிமிஷத்தில் எடுத்தால் ஃபிலிமில் ஏதோ நிழல் மட்டும் தெரிந்தது. பன்னிரண்டு நிமிஷம் போட்டேன். உருவம் வந்தது, அழுத்தம் வரவில்லை. வெளிச்சமும் நிழலும் சமாதானமாகப் போய், முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம்.

முதலில் மாட்டியவர் அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மாணவர். பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம். அவருக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அதைப் படத்தில் காணவில்லை. சண்டைக்கு நான் தயாராக நின்றேன். அவர் ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்.

"ஆறு மாசமா வளத்தது அக்கா. உள்ள எங்கயாவது வுழுந்து கெடக்குதான்னு கொஞ்சம் பாருங்க."

பத்து வயசு தள்ளுபடி

மூட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றிருந்தபோது, காட்டுமன்னார்கோயிலிலிருந்து ரைஸ் மில் மாமா ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டார். கழுவிப் பார்த்தால் நெற்றிச் சுருக்கம் இல்லை, கண்ணுக்குக் கீழே தொங்கிய பை இல்லை. மாமா படத்தைத் தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தார். திரும்பி வந்து, மூன்று கேட்டவர் இரண்டு டஜன் கேட்டார்.

அதோடு பேர் பரவிவிட்டது. சுருக்கம், அம்மைத் தழும்பு, மரு என்று ஆளுக்கொரு குறையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். என் கணவரோ எல்லாம் தெரிந்துதான் அந்த மூட்டையை வாங்கியதுபோல நடக்க ஆரம்பித்தார். தன் கணவரோடு படம் எடுக்க வந்த ஒரு அத்தையிடம் மட்டும், இது பழைய மருந்து செய்கிற வேலை என்று உளறிவிட்டேன். அத்தை தன் வீட்டுக்காரரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப என்னைய மட்டும் பழசுல கழுவு. இவரு புதுசுலயே இருக்கட்டும், பக்கத்துல என்னைய நல்லா எடுத்துக் காட்டும்."

வேண்டிய தழும்பு

கிள்ளைப் பக்கம் மீனவர் கிராமத்திலிருந்து செல்வி என்ற பெண்ணை அவள் அம்மா அழைத்துவந்தார். சின்ன வயசில் தூண்டில் முள் கிழித்து, இடது கண்ணோரத்திலிருந்து தாடை வரை தழும்பு. மறுநாள் சாயங்காலம் கல்யாணத் தரகர் படம் வாங்க வருகிறார். கலர் லேபுக்குப் போய்வர நாலு நாள் ஆகும் என்பதால் கறுப்பு வெள்ளை போதும் என்றார்கள். கழுவிக் கொடுத்தேன். கன்னம் மழமழவென்று இருந்தது. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். செல்வி வாங்கிப் பார்த்துவிட்டுப் படத்தைக் குப்புற வைத்தாள்.

வேறு ஸ்டுடியோவில் முகத்தைத் திருப்பி எடுத்த படத்தைப் பார்த்து, முன்பு இரண்டு வீட்டார் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் நேரில் முகத்தைப் பார்த்ததும் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். "மூணாவது தடவ அப்புடி ஒக்கார என்னால முடியாதுக்கா. தழும்பு தெரியற மாதிரி குடுங்க" என்றாள். அம்மா அவளைத் திட்டித் தீர்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போன மருந்துக்கு வந்த பாராட்டையெல்லாம் அத்தனை மாசம் நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி எடுத்தோம். பதினெட்டு நிமிஷம் போட்டேன்; மூட்டம்தான் வந்தது. விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தியும் நூல் மாதிரி ஒரு கோடுதான். ஊரில் எல்லோரும் போக்கச் சொல்லி வருகிறார்கள், இந்தப் பெண் வரவழைக்கச் சொல்கிறதே என்று என் கணவர் சிரித்தார். ஆனால் காலையில் முதல் பஸ்ஸில் கடலூர் போய், தேதி தாண்டாத ஒரு பாக்கெட்டோடு வந்தவரும் அவர்தான். செல்வியை மறுபடி உட்காரவைத்து எடுத்தோம்; புது மருந்தில் ஆறே நிமிஷம். சிவப்பு விளக்கின் கீழே பேப்பரில் கண்ணுக்கு முன்னால் தழும்பு எழுந்து வந்தது. அதைச் செல்வி கையில் கொடுத்தபோது, காரியம் கெட்டால் பழி எனக்குத்தான் என்று பயந்தேன். அம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

ஒரு மாசம் கழித்து செல்வி தனக்கு நிச்சயமான பையனோடு ஜோடிப் படம் எடுத்துக்கொள்ள வந்தாள். பக்கத்து ஊர்ப் பையன், சொந்தப் படகு. செல்வி சேலை மடிப்பைச் சரிசெய்ய உள்ளே போன நேரம், அந்தப் படத்தைப் பார்த்துமா வந்தீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"தரகர் காட்டுன போட்டோ எல்லாம் ஒரே மூஞ்சியா இருந்துச்சுக்கா. இதுலதான் ஒரு ஆளு தெரிஞ்சுது."

ஊரார் முகத்துக் குறையையெல்லாம் மறைத்துக் கொடுத்தபோது ஒருவரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, இருந்ததை இருந்தபடி கொடுத்த அந்த ஒரு தடவைக்குத்தான் முதல் பந்தியில் எனக்கு இலை போட்டார்கள், அதுவும் செல்வியின் அம்மா கையால்.