பொன்னழகின் நெளிந்த தட்டு

1961ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி செல்லும் சாலையை ஒட்டிய தொடக்கப்பள்ளியில் மதிய உணவு சமைக்கும் வேலைக்குச் செபாஸ்தியம்மாள் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் டவுனில் சுருட்டுச் சுற்றியவள். புகையிலை நெடி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் அதை விட்டாள். இங்கே விறகுப் புகை காத்திருந்தது. "ரெண்டும் புகைதான். இங்க பிள்ளைக சத்தமாச்சும் கேக்குதுல்ல" என்பாள்.

சத்தமே இல்லாத பிள்ளையும் ஒன்று இருந்தது. பெயர் பொன்னழகு; வயது ஆறு; கனகாம்பரம் பயிரிடும் ஜக்கம்மாளின் ஒரே மகள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஒரு சொல் பேசியதில்லை. செவிட்டுப் பிள்ளை என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. ஜக்கம்மாள் மாரியம்மனுக்கு வெள்ளியில் ஒரு சோடிக் காது செய்து செலுத்தியிருந்தாள்.

ஆசிரியர் உடையப்பன் விதி தவறாதவர். பெயர் படித்ததும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லாத பிள்ளை, அவருடைய பதிவேட்டில் வராத பிள்ளை. பொன்னழகு முதல் வரிசையில் அவர் காலடியிலேயே அமர்ந்திருப்பாள். ஏட்டில் நாள்தோறும் வராதவளாக இருப்பாள். இப்படியே போனால் பெயரை அடித்துவிட வேண்டும். அதைவிடத் தொலைவூரில் உள்ள காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது மேல் என்று கருதி, விண்ணப்பமும் எழுதிவிட்டார். ஜக்கம்மாள் கைநாட்டு வைப்பதுதான் பாக்கி. அவளுக்குப் பிள்ளையைப் பிரிய மனமில்லை. மறுக்கவும் வழி தெரியவில்லை.

பள்ளித் தட்டுகளில் ஒன்று விளிம்பு நெளிந்தது. அதில் சோறு போட்டால்தான் பொன்னழகு உண்பாள்; வேறு தட்டை நீட்டினால் தரையில் விழுந்து அழுவாள். மற்றவர்கள் அதைப் பிடிவாதம் என்றார்கள். செபாஸ்தியம்மாள் அந்தத் தட்டைத் தனியே எடுத்து வைத்தாள்.

ஒருநாள் அவள் கழுவும்போது அந்தத் தட்டு நழுவிக் கல்லில் விழுந்தது. முதுகைக் காட்டியபடி வேப்பமரத்தடியில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த பொன்னழகு எழுந்து நேரே வந்தாள். மறுநாள் செபாஸ்தியம்மாள் வேறொரு தட்டைப் போட்டுப் பார்த்தாள், பிள்ளை அசையவில்லை. நெளிந்த தட்டைப் போட்டாள், வந்தாள். நான்கு நாள் சோதித்த பிறகே வாய் திறந்தாள்.

"வாத்தியாரய்யா, அந்த விண்ணப்பத்தச் செத்த நேரம் கீழ வச்சுட்டு வாங்க."

சமையற்கூடச் சுவருக்குப் பின்னால் நின்று மூன்று தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாள். மூன்றாவதான நெளிந்த தட்டுக்குப் பொன்னழகு எழுந்தாள். உடையப்பன் இன்னும் இருமுறை தட்டச் சொன்னார்.

"காது கேக்குதே. அப்ப கூப்பிட்டா ஏன் திரும்பல?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. தெரிஞ்சவகளத் தேடிப் போகணும்."

அந்தச் சனிக்கிழமையே ஜக்கம்மாளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு டாக்டரம்மா காலை முழுவதும் பொன்னழகைக் கவனித்தார். "காதுல பழுதில்லம்மா. மனசு வேலை செய்யுற விதம் வேற. ஆட்டிசம்னு இதுக்கு ஒரு பேர் இருக்கு. தீர்க்குற மருந்து இல்ல. நீங்க வளர்த்ததுல தப்பும் இல்ல. எதையும் தினம் ஒரே மாதிரி செய்யுங்க. வாயால சொல்றதைக் கையாலயும் காட்டுங்க. அவளா ஒரு வழி காட்டினா, அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜக்கம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, அப்ப நான் ஆத்தாளுக்குப் போட்ட காது?"

"ஆத்தாகிட்ட அத வாத்தியாருக்குக் குடுக்கச் சொல்லு. அரிசி பத்தலன்னு ஒரு மாசமாச் சொல்றேன், மனுசன் காதுலயே விழல."

ஜக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை முதல் செபாஸ்தியம்மாள், அடுப்பை மூட்டிவிட்டு வகுப்புக்கு வந்து, நெளிந்த தட்டைப் பொன்னழகின் மடியில் வைத்து அருகில் அமர்ந்தாள். பெயர் படிக்கப்பட்டதும், 'உள்ளேன் ஐயா'வுக்குப் பதிலாகப் பிள்ளையின் விரலைப் பிடித்துத் தட்டில் ஒருமுறை தட்டுவாள்.

"தட்டுனது அவளா, நீயா?" என்பார் உடையப்பன்.

"இன்னைக்கும் நான்தாங்கய்யா."

வராதவள் என்றே குறித்துக்கொள்வார். அவள் பொய் சொன்னதில்லை, அவர் விட்டுக்கொடுத்ததுமில்லை. பெயரை அடிக்க நேர்ந்தால் பிள்ளைக்குப் போக்கிடம் வேண்டுமே என்று விண்ணப்பத்தை மேசையிலேயே வைத்திருந்தார்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் மழையில் நனைந்த விறகு பற்றவில்லை. செபாஸ்தியம்மாளால் அடுப்பை விட்டு எழ முடியவில்லை. தட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஊதுகுழலும் கையுமாக இருந்தபோது, வகுப்பில் பெயர்கள் படிக்கப்படுவது கேட்டது.

"பொன்னழகு."

உடையப்பன் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தார். ஊதுவதை நிறுத்தினாள் செபாஸ்தியம்மாள்.

'டங்' என்றது நெளிந்த தட்டு.

"உட்காரு" என்றார் அவர், விதிப்படி. அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

சற்று நேரத்தில் ஒரு பிள்ளை மடித்த தாளோடு சமையற்கூடத்துக்கு ஓடிவந்தது. "வாத்தியாரய்யா அடுப்பப் பத்தவைக்கக் குடுத்துவிட்டாக." விரித்துப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் கைநாட்டுக்காக விட்டிருந்த வெற்றிடம் அடையாளம் தெரிந்தது. ஈர விறகு அந்தத் தாளில்தான் பற்றியது.

அன்று சாம்பாரில் உப்பு இரண்டுமுறை விழுந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. உடையப்பன் மட்டும் சொன்னார்.