பாக்கெட்டில் ஒரு நீலப் பட்டை

போன வாரம் நாமக்கல் கோர்ட்டில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. வழக்கு என்னுடையது இல்லை. சாட்சி சொல்லக்கூட யாரும் கூப்பிடவில்லை. பின் எதற்கு வியர்வை? என் பேன்ட் பாக்கெட்டில் ஒரு நீலப் பட்டை இருந்தது – அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கப் போடுவார்களே, அது.

தங்கராசு எங்கள் தெருக்காரர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். இரண்டு வருடம் முன்பு இரும்பு ராடு சரிந்து வலது கையில் விழுந்தது. மூன்று விரல்கள் இன்றும் மடங்காது. வண்டி முதலாளியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

உடனே எங்கள் தெரு சட்டக் கல்லூரி ஆனது. பிரின்சிபால் நான்தான்!

"தங்கராசு, கேஸ் முடியிற வரைக்கும் ஊட்டுலயே படுத்துக்க. சொம்பைக்கூடத் தூக்காதே. வேலைக்குப் போறது தெரிஞ்சா, கை நல்லாயிருச்சுன்னு கேஸைத் தள்ளிருவாங்க."

அவர் சிரித்தார். "ரெண்டு வருசம் படுத்தா, இருக்கற கையும் மறந்துருமுங்ண்ணா."

மறுநாளே ஈரோடு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி. வீட்டில் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி, பந்து நைந்தது... விரல் மடங்கவில்லை. டீக்கடையில் வேலைக்கு நின்று பார்த்தார் – கொதிக்கும் பாய்லர் பக்கம் கிளாஸ் கையில் நிற்கவில்லை. முட்டைக் கடையில் அட்டை அடுக்கினார் – முதல் நாளே தரையெல்லாம் ஆம்லெட். கடைசியில் வேறொரு ரிக் ஆபீஸில் போன் எடுக்கும் வேலை. ஊர் சுற்றியதில் இந்தியும் தெலுங்கும் கன்னடமும் நாக்கில் ஒட்டியிருந்தன. சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. "கைதானுங்ண்ணா போச்சு, வாய் இருக்குதில்லீங்க!"

விசாரணை நாளன்று பயம் எனக்குத்தான். மெடிக்கல் ஷாப்பில் நீலப் பட்டை வாங்கி, கோர்ட் வாசலில் கெஞ்சினேன்.

"இதையாவது மாட்டிக்க சாமி!"

மாட்டவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இப்ப வேலைக்குப் போறீங்களா?"

"போறேனுங்க."

போச்சு!

"அப்ப கை நல்லாத்தானே இருக்கு?"

"இல்லீங்க. கை வேண்டாத வேலையாப் பார்த்துப் போறேனுங்க." டீக்கடை, முட்டைக் கடை எல்லாவற்றையும் சொன்னார். ஆம்லெட்டுக்கு நீதிபதியே குனிந்து சிரித்தார்.

வக்கீல் விடவில்லை. "ரிக் வண்டிக்கே திரும்பிப் போயிருக்கலாமே?"

"பிடி தவறுனா ராடு எம்மேல மட்டும் உழுகாதுங்க. பக்கத்துல நிக்கறவன் மேலயும் உழுகுமுங்க."

வக்கீல் கட்டை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

வராண்டாவில் எங்கள் வக்கீலம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "படுத்துக்கச் சொன்ன லீகல் அட்வைசர்னு தங்கராசு சொன்னது உங்களைத்தானா சார்? அடிபட்டவங்க தன்னால முடிஞ்ச வைத்தியம் பார்க்கணும், முடிஞ்ச வேலையைத் தேடணும், நஷ்டத்தைக் குறைக்கணும். முடியாததைச் செய்யச் சொல்லி யாரும் கேக்க முடியாது. ஆனா சும்மா படுத்திருந்தா? 'நீங்களா வளர்த்த நஷ்டத்துக்கு நாங்க ஏன் குடுக்கணும்'னு கேட்டிருப்பாங்க."

"இப்ப... கேஸ் போச்சுங்களா?"

"எங்க போகும்? அவர் எல்லாம் செஞ்சு பார்த்துட்டாரு. அதுக்கப்புறமும் மிச்சம் இருக்கறதுதான் நிஜமான நஷ்டம்."

அப்போதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் எங்களை நோக்கி வேகமாக வந்தார். பட்டை விஷயம் தெரிந்துவிட்டது! வேறெதற்கு இவ்வளவு வேகம்? திரும்பி ஓடினேன். மூன்றாவது படியில் கால் தடுக்கி, வலது மணிக்கட்டின் மேல் விழுந்தேன்.

அவர் வந்தது சமரசம் பேச! சாயங்காலத்துக்குள் தங்கராசு கேட்டதில் பெரும்பகுதிக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அடிபட்டால் வலியைக் காட்டத்தான் நமக்குத் தோன்றுகிறது. அந்த மனிதருக்கோ, அடுத்து எதைச் செய்ய முடியும் என்றுதான் தோன்றியிருக்கிறது. என்னை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தியவரும் அவர்தான். என் பாக்கெட்டிலிருந்து பட்டையை எடுத்து என் கழுத்திலேயே மாட்டினார்.

"வாங்குனது வீணாப் போகலீங்ண்ணா!"

இந்தப் பத்திக்கு ஒரு வாரம் லீவு கேட்கப் பத்திரிகை ஆசிரியரின் நம்பரைத் தேடினேன். தங்கராசு முகம் நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டேன். இது இடது கையின் ஒற்றை விரலால் தட்டியது...

எழுத்துப் பிழை இருந்தால், தயவுசெய்து நஷ்டஈடு கேட்காதீர்கள்!